பிள்ளை என்.சி.சி.யில் சேருகிறேன் என்றால்: மதுரைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "என்.சி.சி.க்குப் பேரு கொடுத்திருக்கேன், கையெழுத்துப் போடுங்கம்மா" என்பார்கள். பாரத்தில் உயரம், எடை, ரத்த வகை, அங்க அடையாளம், பெற்றோர் சம்மதம் என்று வரிசையாகக் கேட்டிருக்கும். படித்துப் பார்த்தால் பிள்ளையை எதற்கோ எழுதிக் கொடுப்பது மாதிரி ஒரு பயம் வரும்.

என்.சி.சி. என்றால் தேசிய மாணவர் படை. அதில் சேரும் மாணவரைக் கேடட் என்பார்கள். என் மகள் பள்ளியில் கேடட்டாக இருந்தாள், மகன் கல்லூரியில் சேர்ந்தான். அதனால் தெருவிலும் உறவிலும் யார் வீட்டுக்கு இந்தப் பாரம் வந்தாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை ஆசைப்பட்டால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் காக்கியைப் பார்த்த மரியாதையில் கேள்வி கேட்காமல் இருந்துவிடாதீர்கள். கேட்கவேண்டியதை எல்லாம் கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிட்டால், பிறகு நிம்மதியாக ஒதுங்கி நிற்கலாம்.

1. இது பட்டாளம் இல்லை

எங்கள் வீட்டில் முதலில் எழுந்த எதிர்ப்பு மாமியாரிடமிருந்து. "பொம்பளப் புள்ளையப் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுக்கிறியாக்கும்?" என்றார். மகள் விடவில்லை. "அப்பத்தா, இது பட்டாளம் இல்ல, பள்ளிக்கூடத்துலயே நடக்கும்" என்று விளக்கினாள். நம்பவில்லை. மூத்தார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து சொன்ன பிறகுதான் நம்பினார்.

தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்டது. இதற்காக அரசு அமைத்த குன்ஸ்ரு குழு கொடுத்த பரிந்துரை அதற்கு அடிப்படை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது, பயிற்சி கொடுக்க ராணுவத்தினர் வருகிறார்கள். ஆனால் சேர்ந்த பிள்ளைக்கு ராணுவத்தில் பணிபுரியவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. சண்டை வந்தால் கூப்பிடுவார்களா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாட்டார்கள். பயிற்சி முடிந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிள்ளை பல் மருத்துவம் படிக்கப் போகலாம், பட்டறை வைக்கலாம்.

சைனிக் பள்ளியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உடுமலைக்குப் பக்கத்தில் அமராவதிநகரில் 1962 முதல் நடக்கும் உறைவிடப் பள்ளி. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். என்.சி.சி. என்பது பிள்ளை படிக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ படிப்போடு சேர்ந்து நடப்பது. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), சாரணர் இயக்கம், ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்) இவையெல்லாம் வேறு வேறு.

2. எந்த வகுப்பில் சேர்ப்பது

பள்ளிப் பிரிவில் வயது 13 முதல் பதினெட்டரை வரை. பையன்கள் ஜூனியர் டிவிஷன், பெண்பிள்ளைகள் ஜூனியர் விங். இரண்டு வருடப் பயிற்சி, முடிவில் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. கல்லூரியில் சீனியர் டிவிஷன், சீனியர் விங். 26 வயது வரை இருக்கலாம். அங்கே இரண்டாம் ஆண்டில் 'பி', மூன்றாம் ஆண்டில் 'சி'.

நான் எல்லோரிடமும் சொல்வது, பள்ளியில் என்றால் எட்டாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள். எட்டில் சேர்ந்தால் ஒன்பதில் முகாமும் தேர்வும் முடிந்துவிடும். ஒன்பதில் சேர்ந்தால் இரண்டாம் வருடம் பத்தாம் வகுப்போடு மோதும். அப்போது முகாமுக்கு அனுப்புவதா, டியூஷனுக்கு அனுப்புவதா என்று வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். பெரும்பாலும் டியூஷன்தான் ஜெயிக்கும், பிள்ளைக்கு ஒரு வருட உழைப்பு வீணாகும்.

பள்ளியில் தவறவிட்டால் கவலை வேண்டாம். 'ஏ' இல்லாமலே கல்லூரியில் புதிதாகச் சேர்ந்து 'பி', 'சி' இரண்டும் வாங்கலாம். வேலைக்கு உதவுவது என்று பார்த்தால் 'சி'தான் கனமானது. அதனால் கல்லூரியில் சேருகிறவர்கள் முதலாண்டிலேயே சேர்ந்துவிட வேண்டும். மூன்று வருடக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

3. பள்ளியில் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்

தனியாகப் போய் என்.சி.சி.யில் சேர முடியாது. படிக்கும் நிறுவனத்தில் அனுமதி பெற்ற பிரிவு இருக்க வேண்டும். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி, லேடி டோக், பாத்திமா போன்ற பழைய கல்லூரிகளில் பிரிவு உண்டு. பள்ளிகளில் எல்லாவற்றிலும் கிடையாது. கடல் இல்லாத ஊர் என்பதால் இங்கே பெரும்பாலும் தரைப்படைப் பிரிவுதான். கப்பற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்குப் பாடத்திட்டம் கொஞ்சம் மாறும்.

ஒவ்வொரு பள்ளிப் பிரிவும் ஒரு பட்டாலியனின் கீழ் வரும். பட்டாலியனுக்குத் தலைவர் கர்னல் நிலையில் உள்ள ராணுவ அதிகாரி, சி.ஓ. என்பார்கள். பட்டாலியன்களுக்கு மேலே குரூப் தலைமையகம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு தலைமையகம் மதுரையிலேயே இருக்கிறது, தென்மாவட்டப் பட்டாலியன்கள் பல அதன் கீழ்தான். அதற்கும் மேலே சென்னையில் உள்ள இயக்ககம். தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மூன்றுக்கும் சேர்த்து அது ஒன்றே. இந்த ஏணி உங்களுக்கு எதற்கு என்று நினைக்கலாம். முகாம் பற்றிச் சொல்லும்போது புரியும்.

பள்ளிக்குள் பொறுப்பு வகிப்பவர் ஓர் ஆசிரியர். ஏ.என்.ஓ. என்று அழைப்பார்கள். அவரே முறைப்படி பயிற்சி பெற்று நியமிக்கப்பட்டவராக இருப்பார். ஆள் இல்லாத இடங்களில் தற்காலிகப் பொறுப்பாளராக ஓர் ஆசிரியர் இருப்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரை ஒருதரம் நேரில் பாருங்கள். பள்ளியின் பிரிவு எந்தப் பட்டாலியனின் கீழ் வருகிறது, பரேடு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு விடுவீர்கள், பணம் ஏதாவது கட்டவேண்டுமா. இந்த நான்கையும் கேட்டால் போதும்.

பணம் பற்றி ஒரு விஷயம். வழக்கமான பிரிவுகளில் பயிற்சிக்கும் முகாமுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் செலவு முழுவதையும் நிறுவனமே ஏற்கும் சுயநிதித் திட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. சில தனியார் பள்ளிகள் அந்த வழியில் பிரிவு வைத்திருக்கின்றன, செலவைப் பெற்றோரிடம் வாங்கவும் செய்யலாம். உங்கள் பள்ளி எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேடட் நலநிதிக்காக வாங்கும் சிறு தொகை வேறு. அது விபத்து, உதவித்தொகை போன்றவற்றுக்கானது, கட்டிவிடுங்கள்.

4. ஆள் எடுப்பதும் காகிதங்களும்

இடத்தைவிட ஆசைப்படுபவர்கள் அதிகம். ஓடவிட்டுப் பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், கல்லூரி என்றால் ஒரு சின்ன எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கலாம். கிடைக்கவில்லை என்று பிள்ளை அழுதால் சமாதானம் சொல்லுங்கள், சிபாரிசுக்குக் கிளம்பாதீர்கள். சிபாரிசில் வந்த பிள்ளை எது என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், அது பிள்ளைக்குத்தான் சங்கடம்.

காகிதங்கள்: ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், ரத்த வகை, மருத்துவச் சான்று, பெற்றோர் சம்மதம். சீருடைப் பணம் இப்போது கேடட்டின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது, அதனால் கணக்கு முக்கியம். ஸ்டேட் வங்கியில் கேடட்டுகளுக்கு இருப்புத்தொகை தேவையில்லாத கணக்குத் திட்டம் இருக்கிறது, பள்ளியிலேயே வழி சொல்வார்கள்.

எனக்குத் தெரிந்து பெரும்பாலான வீடுகளில் சிக்கல் வருவது இனிஷியலில். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பள்ளிப் பதிவேட்டில் பின்னால் இருக்கும், வங்கியில் அப்பா பெயரையே விரித்து எழுதியிருப்பார்கள். இப்போது பதிவெல்லாம் கணினியில். அங்கே ஒரு மாதிரி ஏறினால் சான்றிதழிலும் அப்படியே அச்சாகும். நாலைந்து வருடம் கழித்து அந்தச் சான்றிதழைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றோடு வைத்து ஒப்பிடும் இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிட்டுப் பாரத்தைக் கொடுங்கள். ஆதார் மையத்தில் அரை நாள் போகும், போகட்டும்.

மருத்துவச் சான்றுக்குப் போகும்போது இருப்பதை மறைக்காதீர்கள். வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு, சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, எதுவானாலும் டாக்டரிடமும் ஏ.என்.ஓ.விடமும் சொல்லிவிடுங்கள். "சொன்னால் எடுக்க மாட்டார்களே" என்று பிள்ளையே கெஞ்சும். வெயிலில் ஓடவிடப் போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

5. சீருடை

இதுதான் வீட்டில் அதிக நேரத்தைத் தின்னும் வேலை, எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். காக்கிச் சட்டை, கால்சட்டை, பெல்ட், பெரே தொப்பி, அதில் பேட்ஜும் சிவப்புக் குஞ்சமும், தோளில் கயிறு, கறுப்பு பூட்ஸ். சிலவற்றைப் பட்டாலியன் கொடுக்கும், சிலவற்றை நாம் தைக்கவோ வாங்கவோ வேண்டும். எது எது என்று பட்டியல் வாங்கிக்கொண்ட பிறகு கடைக்குப் போங்கள். காக்கியில் பல நிறம் உண்டு. போலீஸ் காக்கியை வாங்கிவந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தையல்காரரிடம் கால்சட்டையின் மடிப்பில் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் தைத்தது ஒன்பதாம் வகுப்பில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

பெரே தொப்பியைப் புதிதாக வாங்கியபடியே போட்டால் தோசைக்கல்லைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தலையில் வைத்து, வலது பக்கம் இழுத்துப் படியவிட்டு, அப்படியே காயவைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் தலைக்குப் பழகிவிடும்.

சட்டைக்குக் கஞ்சி போடுங்கள். கடையில் விற்கும் பவுடரைவிடச் சோற்றுக் கஞ்சிதான் நன்றாக நிற்கிறது என்பது என் கட்சி. வடிகட்டிய கஞ்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டியில் பருக்கை ஒட்டும்.

பூட்ஸை அணிவகுப்பு நாளன்று புதிதாக மாட்டி அனுப்பாதீர்கள். முன்கூட்டியே தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் போட்டு நடக்கச் சொல்லுங்கள். மெல்லிய காட்டன் சாக்ஸ் ஒன்று, அதன் மேல் தடித்த சாக்ஸ் ஒன்று. கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம், பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். பித்தளைக்கு பிராசோ, தோலுக்கு பாலிஷ். முதல் வாரம் நீங்கள் காட்டிக் கொடுக்கலாம். அதன் பிறகு பாலிஷ் டப்பாவைத் தொடாதீர்கள். பூட்ஸைத் தானே தேய்த்துக்கொள்ளாத பிள்ளையை என்.சி.சி.க்கு அனுப்புவதில் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. விடிகாலையில் மகனின் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களை நிறையப் பார்த்தாயிற்று.

பையன்களுக்கு முடி ஒட்ட வெட்ட வேண்டும். இந்த வயதில் முடிக்காகவே பாதிப் பேர் பின்வாங்குவார்கள். பெண்பிள்ளைகள் இழுத்துக் கொண்டை போட வேண்டும். சீருடையில் மல்லிகைப் பூ கிடையாது. மதுரைக்கார அம்மாக்களுக்கு இது மனசு கேட்காது, காலையில் பூவோடு பின்னாலேயே ஓடுவார்கள், வேண்டாம். வளையல், சங்கிலி, கையில் கட்டிய கோயில் கயிறு எல்லாவற்றையும் பொதுவாகக் கழற்றச் சொல்வார்கள். நேர்த்திக்கடனாகக் கட்டிய கயிறு என்றால் அதைப் பற்றி முதலிலேயே பாட்டியிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

6. வாராந்திரப் பரேடு

வாரம் ஒருநாள், பெரும்பாலும் சனிக்கிழமை. டிரில், ஆயுதப் பயிற்சி, வரைபடம் படிப்பது, முதலுதவி, சமூக சேவை என்று இருக்கும். முடிவில் ஏதாவது சாப்பிடக் கொடுப்பார்கள். பிள்ளைகள் பேச்சில் பாதி இந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். டியூஷன் ஆசிரியரிடம் சனிக்கிழமை ஏற்பாட்டை முதல் மாதமே சொல்லி வைத்துவிடுங்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் சான்றிதழ்த் தேர்வுக்கு விட மாட்டார்கள். உறவில் எல்லாக் காதுகுத்துக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக முடியாது என்று பொருள்.

கட்டளைகள் இந்தியில் இருக்கும். சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட், தேஜ் சல் என்று வீட்டிலும் கத்திக்கொண்டிருப்பார்கள். இந்தி தெரியாது என்று பயப்பட வேண்டாம். அந்தச் சில சொற்கள் இரண்டே வாரத்தில் காதுக்குப் பழகிவிடும். பயிற்சி கொடுக்கும் ராணுவ ஹவில்தார் வடக்கத்தியராக இருந்தால் அவரும் பிள்ளைகளிடம் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டுதான் போவார்.

காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். சுதந்திர தினம், குடியரசு தினத்தில் ஆயுதப்படை மைதானத்தில் அணிவகுப்பு என்றால் பிள்ளைகள் இருட்டோடு கிளம்புவார்கள். "பசிக்கலம்மா" என்று வெறும் வயிற்றில் ஓடுவார்கள். வெயில் ஏறி நீண்ட நேரம் அசையாமல் நிற்கும்போது பொத்தென்று விழுவது இப்படிப் போனவர்கள்தான். இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ உள்ளே போயிருக்க வேண்டும், முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடித்திருக்க வேண்டும். மயக்கத்துக்கு இன்னொரு காரணம், முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கி நிற்பது. ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், தலைக்குப் போவது குறையும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பூட்ஸுக்குள் கால்விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது.

துப்பாக்கியைப் பற்றியும் கேட்பார்கள். சுடும் பயிற்சி உண்டு. .22 ரைபிளில், குப்புறப் படுத்துக்கொண்டு, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, அதற்கென்று உள்ள தளத்தில்தான் சுடுவார்கள். தோட்டாவை எண்ணிக் கொடுத்து, காலி உறையை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். முதலில் எனக்கு இது உள்ளூர உறுத்தியது. பதினாலு வயதுப் பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று தோன்றியது. ஆனால் சுட்டுவிட்டு வந்த மகள் முழுக்க முழுக்கப் பேசியது மூச்சை எப்போது நிறுத்த வேண்டும், விசையை எப்படி இழுக்காமல் அழுத்த வேண்டும் என்பதைத்தான். வீடியோ விளையாட்டில் சுடுகிற பிள்ளைகள் பேசுகிற தோரணை அதில் இல்லை. உறுத்தல் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது.

7. எது தண்டனை, எது தொல்லை

கேடட்டுகள் ரகடா என்று ஒரு சொல் சொல்வார்கள். லேட்டாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடு, ஷேவ் செய்யாமல் வந்தால் தண்டால் எடு என்பது அந்த வகை. இதற்கெல்லாம் பள்ளிக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளையே சிரித்துக்கொண்டு சொல்லும் விஷயம் அது.

சீனியர் மாணவர் அடிப்பது, காசு கேட்பது, தன் துணியைத் துவைக்கச் சொல்வது, கூட்டத்திலிருந்து தனியாகக் கூட்டிக்கொண்டு போவது, வெயிலில் தண்ணீர் தராமல் வைப்பது, இவை வேறு. இவற்றில் பயிற்சி எதுவும் இல்லை. அன்றைக்கே ஏ.என்.ஓ.விடம் சொல்லுங்கள், அவர் தட்டிக்கழித்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், அப்புறம் பட்டாலியன் சி.ஓ. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எப்போதும் உண்டு. "பட்டாளம்னா அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால், இது பட்டாளம் இல்லை, பள்ளிக்கூடம் என்று திருப்பிச் சொல்லுங்கள்.

பிள்ளை இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றால், சின்ன விஷயங்களைச் சொல்லும்போது "இதுக்குத்தான் அப்பவே வேணாம்னேன்" என்று குதிக்கக் கூடாது. நான் பார்த்தவரை, பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான்.

8. முகாம்

வருடாந்திரப் பயிற்சி முகாம் பத்து நாள். ஏதாவது கல்லூரி அல்லது பள்ளி வளாகத்தில் நடக்கும், அங்கேயே தங்க வேண்டும். 'ஏ' சான்றிதழுக்கும் 'பி'க்கும் ஒரு முகாமாவது போயிருக்க வேண்டும், 'சி'க்கு இரண்டு.

அனுப்புவதற்கு முன் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கும். ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒன்றை நடத்தி, மாணவிகளிடம் அத்துமீறினார்கள். அது என்.சி.சி. முகாமே இல்லை, நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. காக்கி போட்டவர் வந்து சொன்னார் என்று பெற்றோர் நம்பினார்கள். நம்பாமல் இருக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இருந்திருக்காது.

ஆகவே முகாம் என்று தாள் வந்தால் இவற்றைப் பாருங்கள். பட்டாலியன் பெயரும் முகாம் நடக்கும் இடமும் தேதியும் குறிப்பிட்ட உத்தரவு பள்ளியில் இருக்கிறதா? காட்டச் சொல்லுங்கள். முகாமின் கமாண்டர் யார்? மாணவிகள் போகிறார்கள் என்றால் கூடத் தங்கும் பெண் அதிகாரி அல்லது பெண் பயிற்றுநர் யார்? தங்கும் அறை ஆண்கள் பகுதியிலிருந்து பிரிந்து இருக்கிறதா? பிறகு பட்டாலியன் அலுவலகத்துக்கு நீங்களே ஒரு போன் செய்து, அப்படி ஒரு முகாம் இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். பள்ளி, பட்டாலியன், குரூப் என்ற அந்த ஏணியைத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். உண்மையான முகாம் நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அனுப்ப வேண்டாம்.

இனி மூட்டை கட்டுவது. பூட்டுள்ள பெட்டி, சாவி இரண்டு (ஒன்று தோழியிடமோ தோழனிடமோ), தட்டு, டம்ளர், போர்வை, விரிப்பு, கொசுவலை, டார்ச், பக்கெட் கேட்டிருந்தால் பக்கெட், கேன்வாஸ் ஷூ, கூடுதல் சாக்ஸ், உள்ளாடை தாராளமாக, துவைக்கும் சோப்பு, நூலும் ஊசியும், கொஞ்சம் சில்லறை. எல்லாவற்றிலும் பெயரும் பள்ளியும் எழுதிவிடுங்கள். வெள்ளைக் கேன்வாஸ் ஷூக்கள் வரிசையாகக் கழற்றிப் போடப்பட்டிருக்கும்போது யாருடையது எது என்று கண்டுபிடிக்க முடியாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் சீட்டோடு கொடுத்து ஏ.என்.ஓ.விடமும் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் தேவைக்கு மேலேயே வையுங்கள்; நாள் வந்துவிட்டால் கூச்சப்படாமல் பெண் பயிற்றுநரிடம் சொல்லச் சொல்லுங்கள், ஓட்டத்திலிருந்து விலக்கு கொடுப்பார்கள். முறுக்கு, அதிரசம் எல்லாம் டின் டின்னாக வேண்டாம். எறும்புதான் சாப்பிடும்.

செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பத்து நாளும் பிள்ளையின் குரலைக் கேட்காமலே போகலாம். முதல் இரண்டு நாள் தூக்கம் வராது, உங்களுக்குத்தான். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஓர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த எண்ணை அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். "என் பையன் சாப்பிட்டானா" என்று தினமும் கேட்கும் அம்மாவின் பிள்ளைக்கு முகாம் முடியும்வரை அதுவே பட்டப்பெயராகும்.

விடிகாலை ஐந்து மணிவாக்கில் எழுப்பி, ஓட்டம், டிரில், வகுப்பு, விளையாட்டு, சாயங்காலம் ஆட்டம் பாட்டம், ராத்திரி பத்து மணிக்குள் விளக்கணைப்பு. திரும்பி வரும்போது கறுத்து, இளைத்து, தொண்டை கட்டி வருவார்கள். ஒரு நாள் முழுக்கத் தூங்கவிடுங்கள்.

இதற்கு மேல் தேசிய ஒருமைப்பாட்டு முகாம், தல் சைனிக் முகாம் (தரைப்படைப் பிரிவுக் கேடட்டுகளுக்கானது), டெல்லி குடியரசு தின முகாம் எல்லாம் உண்டு. டெல்லிக்குப் போவது பெரிய பெருமை. ஆனால் பட்டாலியன், குரூப், இயக்ககம் என்று கட்டம் கட்டமாகத் தேர்வு முகாம்கள் நடக்கும், அதிலேயே பல வாரப் பாடம் போய்விடும். கல்லூரிப் பிள்ளை என்றால் துறைத் தலைவரிடம் பேசிவிட்டு அனுப்புங்கள். பொதுத்தேர்வு எழுதும் வருடத்தில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து, இதில் என்னோடு சண்டை போடும் பெற்றோர்கள் இருக்கிறார்கள்.

9. சான்றிதழால் என்ன கிடைக்கும்

பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் இருந்தால், ராணுவ அதிகாரி பணிக்கு என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியில் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நடத்தும் தேர்வு. அது ஐந்து நாள் நடக்கும், அதில் தேறுவது சுலபமில்லை. தேறினால் அதிகாரிகள் பயிற்சி அகாதெமி. சென்னை பரங்கிமலையில் இருக்கிறது. பெண்களுக்கும் இந்த வழி உண்டு. அக்னிவீர் தேர்வில் சான்றிதழுக்கு ஏற்ப போனஸ் மதிப்பெண் உண்டு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்விலும் சிறப்பு மதிப்பெண் இருக்கிறது. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் விடிகாலையில் ரோட்டோரமாக ஓடிக்கொண்டிருக்கும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஒன்றிரண்டு மதிப்பெண்ணின் அருமை அவர்களுக்குத் தெரியும். விதிகள் அவ்வப்போது மாறும், அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதை மட்டும் கணக்குப் போட்டுச் சேர்க்காதீர்கள். "ஒழுங்கு வரட்டும்" என்று சேர்ப்பவர்கள் இன்னொரு வகை. வண்டியை ஒர்க் ஷாப்பில் விடுவது போலப் பிள்ளையை மைதானத்தில் விட்டுவிட்டு, சரிபண்ணித் திருப்பிக் கொடுங்கள் என்பார்கள். இஷ்டமில்லாமல் வந்த பிள்ளை சனிக்கிழமைதோறும் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு ஆசைப்பட்ட வேறொரு பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். இஷ்டப்பட்டு வந்த பிள்ளையிடம் மாற்றம் தெரியும். ஆனால் நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் தெரியாது. என் மகனின் மேசை இன்றும் குப்பைதான். ஆனால் பேருந்தில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தபோது கூட்டத்தை விலக்கி, காற்று விட்டு, காலைத் தூக்கி வைத்தது அவன்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவன் வீட்டில் சொல்லவே இல்லை.

10. நடுவில் விட்டுவிட நினைத்தால்

சில பிள்ளைகளுக்கு ஒத்துவராது. மூன்று நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். வெயிலோ பூட்ஸோ சத்தமோ, ஏதோ ஒன்று. ஒரு முகாம் போய்வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று ஒருமுறை பேசிப் பாருங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். இதில் அவமானம் எதுவும் இல்லை, வழக்கும் வராது. ஏ.என்.ஓ.விடம் எழுத்தில் கொடுத்துப் பெயரை நீக்கச் சொல்லலாம். பட்டாலியன் கொடுத்த பெல்ட், தொப்பி, பேட்ஜ் எல்லாவற்றையும் துவைத்து, துடைத்து, பட்டியலோடு திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் ஒரு பெல்ட்டுக்காக அலைய வைத்துவிடுவார்கள்.